றொக்வெல் ஐம்பத்தாறு

குகதாசன் ஜெர்மனியில் ஒரு கத்தித் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். இதில் பொய் எதுவுமில்லை. கால் நூற்றாண்டுக்கு மேலாக அதே தொழிற்சாலை, அதே வாசல், அதே நீலச் சட்டை. அங்கே அவர் செய்வது என்னவென்றால், வரும் கத்தியின் கூர்ப்பக்கத்துக்கு ஒரு பிளாஸ்ரிக் உறை போட்டு, அட்டைப் பெட்டிக்குள் படுக்க வைத்து, விளக்கத் துண்டை மடித்துச் செருகி, மூடியை அமத்துவது. இதுவும் பொய்யில்லை. ஆனால் இந்த இரண்டாவது உண்மை மட்டும் இதுவரை அவருடைய ஊரான கொக்குவிலுக்கு வந்து சேரவில்லை. விமானத்தில் முப்பது கிலோவுக்கு மேல் கொண்டுவர விடமாட்டார்கள், என்ன செய்வது.

அவரை என்ஜினியர் ஆக்கியது அவருடைய தங்கை குணலட்சுமியின் மகள் தனுசியா. ஆக்கிய செய்தியை, விடுமுறையில் ஊருக்கு வந்திருந்த அவருக்கு அறிவித்தது, மாப்பிள்ளையின் தகப்பன் வீட்டுக்கு வரவிருந்த வெள்ளிக்கிழமை காலையில். அவர் தோசையைச் சம்பலில் தொட்டு வாய்க்குக் கொண்டுபோன நேரத்தில்.

"மாமா, இண்டைக்கு ஒரு நாளைக்கு மட்டும்" என்றாள்.

"ஒரு நாளைக்கு எண்டாலும் என்ஜினியர் எண்டா என்ஜினியர்தானேடி பிள்ளை. உருக்கை எப்பிடிக் காய்ச்சிறது எண்டு கேட்டால் நான் என்னத்தைச் சொல்ல?"

"ஒண்டும் சொல்லாதேங்கோ. தலையை மெல்லமாய் ஆட்டுங்கோ. எங்கடை வங்கிக்கு வாற என்ஜினியர்மார் எல்லாரும் அப்பிடித்தான்."

"உள்ளதைச் சொல்லிப்போட்டால் என்ன?"

தனுசியா கோப்பையைக் கீழே வைத்தாள். "சொல்லுங்கோ. நான் அடுத்த சாதகத்துக்குக் காத்திருக்கிறன். போனமுறை வந்தவைக்கு எனக்கு வயசு கூடவாம். அதுக்கு முன்னம் வந்தவைக்கு வீடு ரெயில்பாதைக்குக் கிட்டவாம். இனி வாறவை கிணறு வடக்கிலை எண்டு சொல்லுவினம். கஜீபனை விட்டால் எனக்கு வேறை ஆள் வேண்டாம், மாமா. அதுவும் உங்களுக்குத் தெரியும்."

தெரியும். தனுசியாவும் கஜீபனும் ஒரே வங்கியில் பக்கத்துப் பக்கத்து மேசை. இருவரும் விரும்பி இரண்டு வருடமாகிறது. கஜீபனின் தகப்பன் இராசநாயகம் காதலுக்கு எதிரி அல்லர். தன்னைக் கேளாமல் நடக்கும் எதற்கும் எதிரி. ஆகவே பிள்ளைகள் இரண்டும் யோசித்து, தங்கள் காதலை ஒரு தரகரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். தரகர் அதைச் சலவைக்குப் போட்டதுபோல் ஒரு கிழமை வைத்திருந்துவிட்டு, தானே எங்கோ தேடிக் கண்டுபிடித்த சம்பந்தமாக மடித்து, நீர்வேலிக்கு, இராசநாயகத்தின் வீட்டுக்கு எடுத்துப் போனார்.

இராசநாயகம் இரண்டு நிபந்தனைகள் வைத்தார். பெண் வீடு சுத்த சைவமாயிருக்க வேண்டும். குடும்பத்தில் படித்தவர்கள் இருக்க வேண்டும். மூன்றாவதாக அவர் வாய்விட்டுச் சொல்லாத ஒரு பலவீனம் அவருக்கு இருந்தது. அது மகனுக்குத் தெரியும். இளைப்பாறியபின் நீர்வேலியில் மற்றவர்கள் வாழை வைத்தார்கள், கோயில் நிர்வாகத்துக்குள் நுழைந்தார்கள். இராசநாயகமோ கத்தி உருக்கில் விழுந்தார். எந்த நாட்டுக் கத்தியில் எவ்வளவு கரி, எவ்வளவு குரோமியம், றொக்வெல் அளவில் வன்மை எத்தனை என்று இரவும் பகலும் கைத்தொலைபேசியில் படம் பார்த்துப் பார்த்து, வீட்டில் சாப்பாட்டுக்கு யாராவது வெங்காயம் வெட்டினாலும் பக்கத்தில் போய் நின்று விரிவுரை செய்யுமளவுக்கு வந்துவிட்டார். ஆகவே கஜீபன் சொல்லிக் கொடுத்தபடி தரகர் ஒரு வசனத்தைக் கடைசியில் சேர்த்தார்: "பெட்டையின்ரை தாய்மாமன் ஜெர்மனியிலை கத்தி உருக்கு என்ஜினியர்."

அந்த ஒரு வசனத்துக்கு இராசநாயகம் பாதிச் சம்மதத்தைக் கொடுத்துவிட்டார். மீதிப் பாதிக்குத்தான் இன்று நேரில் வருகிறார்.

சுத்த சைவம் என்ற பகுதியைக் குணலட்சுமி பொறுப்பேற்றாள். அந்த வீட்டில் செவ்வாயும் வெள்ளியும் தவிர்ந்த நாட்களில் மீன் இல்லாமல் சோறு இறங்காது. முதல்நாள்கூட குருநகரிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவரும் லெனாட்டிடம் ஒரு நல்ல கொடுவா வாங்கியிருந்தார்கள். விடிந்ததும் மச்சச் சட்டி, மச்சக் கரண்டி, மீன் கழுவும் வாளி எல்லாம் மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டுப் பிரசாந்தியிடம் போயின. குசினி மஞ்சள்தண்ணீரில் குளித்தது. சாம்பிராணி போட்டு வீடு முழுக்கப் புகை. போகாமல் நின்றது இரண்டு: ஒன்று பூனை. மற்றது மீன் வெட்டும் கத்தி.

"உதையும் பிரசாந்தியிட்டைக் குடுத்திருக்கலாமே அம்மா" என்று தனுசியா கேட்டதற்கு, "மாமா ஜெர்மனியிலை இருந்து கொண்டுவந்து தந்த கத்தியடி. அயலுக்குக் குடுத்தால் திரும்பி வருமோ?" என்றாள் தாய். கத்தி குசினிக்குப் பின்னால், மீன் வெட்டும் கல்லுக்கு மேலே, பத்தியின் ஓலைக் கிடுகுக் கூரைக்குள் செருகப்பட்டது.

இராசநாயகம் பதினொரு மணிபோல் மழையோடு வந்தார். பழைய காரொன்றை ஒழுங்கையிலிருந்து திருப்பி, கேற்றுக்குக் குறுக்காக, ஒரு சைக்கிள்கூட வெளியே போக இடமில்லாமல் நிறுத்தினார். ஒரு கையில் குடை. மற்றக் கையில் டொக்டர்மார் கொண்டு திரிவது போன்ற தோற்பை. விறாந்தையில் நல்ல கதிரையை அவரே தெரிந்தெடுத்து, குகதாசனை மேசைக்கும் சுவருக்கும் இடையிலிருந்த கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். இருந்தபின்தான் குகதாசனுக்குத் தெரிந்தது, இராசநாயகம் எழும்பாமல் தன்னால் எழும்ப முடியாதென்று.

"நான் திணைக்களத்திலை இருந்தனான்" என்று தன்னை அறிமுகம் செய்தார். எந்தத் திணைக்களம், அதில் எந்தக் கதிரை என்பதை அவர் சொல்லவில்லை. அந்தக் குரலைக் கேட்டால் திணைக்களந்தான் அவரில் சாய்ந்து இருந்தது போலிருக்கும்.

பெண்ணைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தேத்தண்ணி கொண்டுவந்த தனுசியாவை ஒருதரம் நிமிர்ந்து பார்த்து, "இருங்கோ பிள்ளை" என்றார். அவள் இருக்கவில்லை. அவர் அதையும் கவனிக்கவில்லை. குகதாசன் பக்கம் திரும்பி, "நீங்கள் எந்த மூலகத்திலை வேலை?" என்று கேட்டார்.

குகதாசன் தலையை மெல்ல ஆட்டினார்.

"கரியோ, குரோமியமோ?"

"நான் கடைசிப் பகுதி" என்றார் குகதாசன், வேறு வழியில்லாமல். "எங்களைத் தாண்டித்தான் கத்தி வெளியிலை போகும்."

"தரக் கட்டுப்பாடு!" இராசநாயகம் தொடையில் தட்டினார். "நான் நினைச்சனான். முகத்திலை தெரியுது."

தோற்பை திறந்தது. மேசையில் பழைய பத்திரிகை விரிந்தது. அதன்மேல் இராசநாயகம் கத்திகளை ஒவ்வொன்றாக அடுக்கினார், பிரசவ வார்டில் பிள்ளைகளைக் கிடத்துவதுபோல. கடைசியாக ஆறு அரங்கள். ஒவ்வொன்றின் பிடியிலும் ஓர் இலக்கம்: நாற்பதிலிருந்து ஐந்து ஐந்தாகக் கூடி அறுபத்தைந்து வரை. கத்தியில் அரத்தை இழுத்தால், கத்தி மெதுவென்றால் அரம் பிடித்துக் கீறும். கத்தி வன்மையென்றால் அரம் கண்ணாடியில்போல வழுக்கிப் போகும். எந்த அரத்தில் வழுக்கி எந்த அரத்தில் பிடிக்கிறதோ, கத்தியின் வன்மை அந்த இரண்டுக்கும் இடையில்.

"இது கொழும்பிலை வாங்கினது. நானூற்றி இருபது எண்டு அடிச்சுக் கிடக்கு. கரி குறைவு. குரோமியம் பதின்மூண்டு வீதம். கறள் பிடியாது, ஆனால் கூரும் நில்லாது. ஐம்பத்திரண்டுக்கு மேலை ஏறாது." ஐம்பதை இழுத்தார், வழுக்கியது. ஐம்பத்தைந்தை இழுத்தார், கிர்ர் என்றது. குசினிக்குள் குணலட்சுமிக்குப் பல் கூசியது. "கேட்டியளோ?"

"கேட்டது" என்றார் குகதாசன்.

"இது அச்சுவேலிப் பட்டறை. லொறியின்ரை வில்லுத்தகட்டிலை அடிச்சது. கரி அரை வீதத்துக்குக் கொஞ்சம் மேலை, குரோமியம் ஒண்டும் வராது. மழைக்காலத்திலை ஒரு இரவு வெளியிலை வைச்சால் காலமை கறள். ஆனால் பனைமட்டை வெட்டலாம். இது யப்பான், அவுஸ்திரேலியாவிலை இருக்கிற மைத்துனர் அனுப்பினவர். கரி ஒரு வீதம், குரோமியம் பதினைஞ்சு, கோபால்ட்டும் இருக்கு. வன்மை அறுபத்தொண்டு. இந்தப் பள்ளத்தைப் பாருங்கோ."

கூரில் ஒரு துண்டு உடைந்து போயிருந்தது.

"என்ரை மனிசி தேங்காய் உடைச்சவ" என்றார், செத்தவீட்டில் காரணம் சொல்லும் குரலில். "வன்மை கூடினால் நொறுங்கும் எண்டு நான் எத்தினை தரம் சொன்னனான். நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோ என்ஜினியர், உங்கடை உருக்கு ஏன் நொறுங்குறேல்லை?"

வந்துவிட்டது. குகதாசன் சுவரைப் பார்த்தார். சுவரில் ஒரு பல்லி இருந்தது. அதற்கு வெளியே போக வழி இருந்தது. அவருக்கு நினைவில் வந்தது ஒன்றே ஒன்று. கால் நூற்றாண்டாக மடித்து மடித்துச் செருகிய அந்த விளக்கத் துண்டு.

"எக்ஸ் ஐம்பது, சீ-ஆர், எம்-ஓ, வீ, பதினைஞ்சு" என்றார், தேவாரம் தொடங்குவதுபோல.

இராசநாயகம் கண்ணை மூடினார். "சொல்லுங்கோ."

"கரி அரை வீதம். குரோமியம் பதினைஞ்சு. மொலிப்டினமும் வனேடியமும் கொஞ்சம் கொஞ்சம். வன்மை ஐம்பத்தாறு." துண்டின் முதற் பக்கம் முடிந்துவிட்டது. பின்பக்கம் மட்டுமே மிச்சம். "பாத்திரம் கழுவும் இயந்திரத்திலை போடக் கூடாது. கையாலை கழுவி உடனை துடைக்க வேணும். பிள்ளையளுக்கு எட்டாத இடத்திலை வைக்க வேணும்."

இராசநாயகம் கண்ணைத் திறந்தபோது அதில் மெல்லிய ஈரம் தெரிந்தது. "எவ்வளவு பெரிய விசயத்தை எவ்வளவு சாதாரணமாய்ச் சொல்லுறியள்" என்றார். "உடனை துடைக்க வேணும். இதை ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லித் தரேல்லை."

குசினி வாசலில் நின்ற தனுசியா மாமாவுக்குக் கண்ணால் ஒரு நன்றி சொன்னாள். குகதாசனும் மூச்சு விட்டார். இத்தோடு எழும்பிச் சாப்பிடப் போகலாம் என்று நினைத்து, கதிரையை ஓர் அங்குலம் பின்னால் தள்ளியும் விட்டார். கதிரை சுவரில் முட்டியது.

"அப்ப தங்கச்சிக்கு ஒரு கத்தி குடுத்திருப்பியளே" என்றார் இராசநாயகம்.

குசினித் திரை ஆடத் தொடங்கியது.

"உங்கடை உருக்கு, உங்கடை கையாலை வந்த கத்தி. அதை நான் இண்டைக்குப் பார்க்காமல் போறேல்லை."

"அது மழுங்கிப் போச்சு" என்று குணலட்சுமி திரைக்குப் பின்னாலிருந்து அவசரமாகச் சொன்னாள்.

"மழுங்கினதுதான் வேணும். புதுக் கத்தி எல்லாம் ஒரே மாதிரி. பாவிச்ச உருக்குத்தான் உண்மை சொல்லும்."

கத்தி உண்மை சொல்லிவிடும் என்றுதான் வீட்டில் மூவருக்கும் பயம். 'கத்தியே இல்லை' என்றால், உருக்கு என்ஜினியர் சொந்தத் தங்கைக்கு ஒரு கத்தி கொடுக்காத கதையாகிவிடும். தனுசியா பின்பக்கம் ஓடினாள். கிடுகிலிருந்து இழுத்தெடுத்த கத்தியைச் சாம்பலும் தேசிக்காயும் போட்டுத் தேய்த்தாள், புளி போட்டுத் தேய்த்தாள், மணந்து பார்த்தாள், திரும்பவும் தேய்த்தாள். தாய் தலைக்கு மேலே குனிந்து நின்று, "பிடியடியை, பிடியடியைத் தேய்" என்று குசுகுசுத்தாள். விறாந்தையிலிருந்து, "சும்மா கொண்டு வாங்கோ பிள்ளை, கழுவினால் படிவு போயிடும்" என்று குரல் வந்தது.

கொண்டுவந்தாள். ஊர் வழக்கப்படி கையில் கொடுக்காமல் மேசையில் வைத்தாள். அவளுக்குப் பின்னால் பூனையும் வந்தது. உருக்கைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. ஆனால் அந்த ஒரு கத்தியைப் பற்றி அந்த வீட்டில் அதைவிட நிச்சயமான அறிவு யாருக்கும் இருக்கவில்லை. மேசைக்குக் கீழே இருந்து, மேலே பார்த்து, "மியாவ்" என்றது.

"பால் குடிக்கிற பூனை" என்றார் குகதாசன். யாரும் கேட்கவில்லை.

இராசநாயகம் ஐம்பத்தைந்து இலக்க அரத்தை இழுத்தார். வழுக்கியது. அறுபதை இழுத்தார். பிடித்தது. "ஐம்பத்தாறு!" என்றார்.

"ஐம்பத்தேழாயும் இருக்கலாமே" என்று தனுசியா வாய் தவறிக் கேட்டுவிட்டாள்.

"அதெல்லாம் அனுபவம் பிள்ளை" என்று சொல்லிக்கொண்டு அவர் பையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்தார். அலகு நீளத்துக்கும் போனார். பிடி தொடங்கும் இடத்தில், ஆணிக்குப் பக்கத்தில், நின்றார். ஓர் ஊசியால் மெல்லக் கிளறி, எதையோ நெம்பி எடுத்துப் பத்திரிகையில் வைத்தார். சின்ன விரல் நகமளவு. வட்டம். வெள்ளியாக மின்னியது.

"இதென்ன?"

குசினித் திரை அசைவதை நிறுத்தியது. அந்த வட்டத்துக்குள் தனுசியாவின் இரண்டு வருடம் கிடந்தது. குகதாசன் அவளைப் பார்த்தார். பிறகு அதைப் பார்த்தார். பிறகு அவருடைய வாய், அவரைக் கேளாமலே, திறந்தது.

"குரோமியக் காபைட்டு."

"வெளியிலையே வந்திட்டுதோ?"

"கன காலம் பாவிச்சால் வரும். புளி பட்டால், தேசிக்காய் பட்டால்... உள்ளுக்கை இருக்கிறது பிடியடியிலை வந்து படியும்."

இராசநாயகம் கண்ணாடியைக் கிட்டக் கொண்டுபோனார். "வளையம் வளையமாய்க் கிடக்கு."

"ஒவ்வொருக்காக் காய்ச்சி ஆறவிடேக்கையும் ஒரு வளையம்" என்றார் குகதாசன். தன் வாய்க்குள் இவ்வளவு காலமும் ஓர் என்ஜினியர் ஒளித்திருந்ததை நினைக்க அவருக்கே பயமாக இருந்தது.

இராசநாயகம் கண்ணாடியைக் கிட்ட வைத்தார், எட்ட வைத்தார். மேசைக்குக் கீழே குனிந்து பூனையை ஒருதரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "ஓமோம். நான் வாசிச்சிருக்கிறன்" என்றார். அதை ஒரு கடதாசியில் மடித்து, மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்து மூடினார். "எங்கடை அறிவியல் வட்டத்திலை காட்டுவம்."

அறிவியல் வட்டம் என்பது நீர்வேலி வாசிகசாலையில் கூடும் இளைப்பாறியவர்கள் சிலர். அதில் ஒருவர் மீன்பிடித் திணைக்களத்தில் இருந்தவர் என்று கஜீபன் எப்போதோ சொன்னது தனுசியாவுக்கு அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்தது. சாப்பாடு போடும்போது அதை மாமாவின் காதிலும் போட்டுவைத்தாள்.

சாப்பாட்டுக்கு வாழைக்காய்ப் பொரியல், கத்தரிக்காய்ப் பால்கறி, பூசணி, பருப்பு, அப்பளம், பாயசம். இராசநாயகம் எல்லாவற்றையும் அளவாகச் சாப்பிட்டு, அளவாகப் புகழ்ந்தார். சம்பந்தம் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. கை கழுவித் துடைத்தபின் கத்திகளைப் பைக்குள் அடுக்கிவிட்டு, "என்ஜினியர், ஒருக்காக் காரடிக்கு வாங்கோ" என்றார்.

மழை விடவில்லை. குகதாசனை முன் இருக்கையில் ஏற்றி, கதவைத் தானே அடித்துச் சாத்திவிட்டு, சுற்றி வந்து சாரதி இருக்கையில் ஏறினார். குடையை மடித்தார். மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்தார். கடதாசியை விரித்து, இருவருக்கும் நடுவில் வைத்தார்.

"கொடுவா" என்றார்.

குகதாசன் முன் கண்ணாடியில் வழியும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விளைமீன் எண்டால் இவ்வளவு பெருசு வராது. பாரைக்குச் செதில் சின்னன். இது கொடுவா. மூண்டு கிலோவுக்குக் குறையாது. நேற்றோ?"

"நேற்று" என்றார் குகதாசன். குரல் அவருக்கே கேட்கவில்லை.

"குழம்போ, பொரியலோ?"

"தலை குழம்பு. நடுத்துண்டு பொரிச்சது."

இராசநாயகத்தின் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. "நடுத்துண்டு பொரிச்சால் நல்லாய் இருக்குமாம்" என்றார். சிறிது நேரம் கழித்து, இன்னும் தாழ்ந்த குரலில், "என்ரை மனிசி கோயில் மகளிர் அணியிலை தலைவி. வீட்டுக்குள்ளை கருவாட்டின்ரை பேரும் சொல்ல ஏலாது. நான் மாதத்திலை ஒருக்கா அச்சுவேலிக்குப் போறனான், பட்டறையிலை கத்தி பார்க்க. பட்டறைக்குப் பக்கத்திலை ஒரு சாப்பாட்டுக்கடை இருக்கு" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை. ஒருவருக்கு இவ்வளவு கத்தி ஏன் என்று குகதாசன் காலையிலிருந்து யோசித்தார், விடை கிடைத்துவிட்டது.

காருக்குள் கொஞ்சம் காற்று வந்தது போலிருந்தது. மனிதன் நல்ல மனிதன். சோறு தின்கிற, மீன் தின்கிற மனிதன். குகதாசனுக்கு அன்று முழுவதும் நெஞ்சில் கட்டியிருந்தது இளகியது. இளகிய நேரத்தில் மனிதர் செய்யும் பிழையை அவரும் செய்தார்.

"அண்ணை, அப்ப மற்றதையும் சொல்லிப்போடுறன். நான் என்ஜினியர் இல்லை. பெட்டிக்குள்ளை கத்தி வைச்சு மூடுறவன். பொதி கட்டுற பகுதி."

இராசநாயகத்தின் முகம் சாத்திக்கொண்டது.

"உதை ஏன் எனக்குச் சொல்லுறியள்?"

"இல்லை, உண்மையை..."

"மீன் எண்டால் குசினிக்குள்ளை கிடந்து போகும். ஒரு யன்னலைச் சாத்தினால் சரி. என்ஜினியரை நான் எங்கை கொண்டுபோய் ஒளிக்கிறது? ஊர் முழுக்கச் சொல்லிப்போட்டன். இதைப் பாருங்கோ."

கைத்தொலைபேசியை நீட்டினார். வாசிகசாலைச் சுவரில் ஒட்டிய விளம்பரத்தின் படம். நடுவில், தரகர் கொண்டுபோன படத்திலிருந்து எடுத்த குகதாசன், சிரித்தபடி, நீலச் சட்டையில். பின்னால் இருந்த அட்டைப் பெட்டிகளை யாரோ வெட்டி எடுத்துவிட்டு ஒரு சூரிய உதயத்தைப் போட்டிருந்தார்கள். 'கத்தி உருக்குகளின் சேர்மானமும் வன்மையும்: ஓர் ஒப்பீட்டு நோக்கு. சிறப்புரை: பொறியியலாளர் குகதாசன், ஜெர்மனி.' நாள், அவர் திரும்பிப் போக வேண்டிய நாளுக்கு இரண்டு கிழமை பிந்தி இருந்தது.

"என்ரை ரிக்கற் அதுக்கு முதல்..."

"மாத்துங்கோ. கலியாணத்துக்கும் நிக்கத்தானே வேணும்."

கலியாணம் என்ற சொல் அன்றைக்கு முதன்முறையாக அவர் வாயிலிருந்து வந்தது. வந்த விதத்தில் அது சம்மதமா, பயமுறுத்தலா என்று பிரித்தறிய முடியவில்லை.

"அண்ணை, எனக்கு அந்தத் துண்டிலை கிடக்கிறதைத் தவிர வேறை ஒரு இழவும் தெரியாது."

"அது காணும். கையாலை கழுவித் துடைக்கிறதைப் பற்றி ஒரு மணித்தியாலம் கதைக்க ஏலாதோ? எங்கடை வட்டத்திலை ஒருத்தர் நிலத்தடி நீரைப் பற்றி ரெண்டு மணித்தியாலம் கதைச்சவர். அவருக்குக் கிணறே இல்லை. பேந்து இந்தக் காபைட்டையும் காட்டுவம்."

"உதையோ? உங்கடை ஆக்களுக்குச் செதில் தெரியாதே? மீன்பிடித் திணைக்களத்திலை இருந்தவரும் வருவாரெல்லோ?"

இராசநாயகம் முதன்முறையாகச் சிரித்தார். "வருவார். முன்வரிசையிலை இருப்பார். ஒரு சொல்லும் சொல்ல மாட்டார். இது மீன்செதில் எண்டு முதல் வாய் திறக்கிறவன்தான் மீன் தின்னுறவன். அங்கை எல்லாரும் சைவம்."

குகதாசன் கதவுப் பிடியை இழுத்தார். வரவில்லை. திரும்பவும் இழுத்தார்.

"அது உள்ளுக்கிருந்து திறவாது" என்றார் இராசநாயகம். "பழுது. நான் இறங்கி வந்துதான் திறக்க வேணும்." இறங்கும் நோக்கம் எதையும் அவர் காட்டவில்லை. "இஞ்சை பாருங்கோ. நீங்கள் என்ஜினியர் இல்லை எண்டால் நான் ஊருக்குப் பொய் சொன்னவன். பொய்யன்ரை வீட்டுக்கு ஒரு பொம்பிளைப் பிள்ளையைக் குடுக்கலாமோ? நீங்களே சொல்லுங்கோ. நான் என்ரை வாயாலை வேண்டாம் எண்டு சொல்ல மாட்டன். நீங்கள்தான் சொல்ல வேணும்."

கண்ணாடி மூச்சு படிந்து மங்கிக் கிடந்தது. குகதாசன் உள்ளங்கையால் துடைத்தார். கேற்றடியில் தனுசியா குடையில்லாமல் நின்றாள். மழைக்குப் பயந்து தலையில் கையை வைத்திருப்பவள் போலத்தான் இருந்தாள். ஆனால் அவள் மழையைப் பார்க்கவில்லை. காரைத்தான் பார்த்தாள். அவளுக்குப் பின்னால், வாசற்படியில், குணலட்சுமி ஒரு துவாயை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டு நின்றாள். காருக்குள் ஒரு தலை இல்லை என்று அசைந்தால் போதும், அந்த இரண்டும் உடைந்துவிடும்.

"கலியாணத்தோடை முடிஞ்சிடுமோ?" என்று குகதாசன் கேட்டார்.

"கலியாணத்தோடை எப்பிடி முடியும்? சம்பந்தி எல்லோ. வருசத்துக்கு ஒருக்கா வருவியள். வாற வருசம் தெல்லிப்பழையிலையும் ஒரு கூட்டம் கேட்கினம்."

குகதாசன் கேற்றடியை இன்னொருமுறை பார்த்தார்.

"ஓம்" என்றார் குகதாசன்.

"ஓம் எண்டால்?"

"ஓம், பேசிறன்."

இராசநாயகம் செதிலைப் பழையபடி மடித்து, கூட்டுக்குள் வைத்து, சட்டைப் பையில் போட்டார். கேற்றடிப் பக்கம் பார்த்துக் கையை உயர்த்தி, பெரிதாக ஒருமுறை தலையை ஆட்டினார். தனுசியா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். குணலட்சுமி துவாயால் முகத்தை மூடிக்கொண்டு அப்படியே வாசற்படியில் குந்திவிட்டாள்.

அவர் இறங்கினார். குடையை விரித்தார். காரின் முன்பக்கத்தைச் சுற்றி, சம்பந்தியின் கதவை நோக்கி, தண்ணீர் தேங்கிய இடங்களைத் தாண்டித் தாண்டி நடந்தார். பாதி வழியில் ஒழுங்கையால் ஒருவர், தலையில் பொலித்தீன் பை கட்டியபடி, சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். நீர்வேலிக்காரர்போல; இராசநாயகம் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நிறுத்தினார். கதவுக்கு இன்னும் மூன்று அடி இருந்தது.

"உவர்தான்" என்று கண்ணாடியைச் சுட்டிக் காட்டிச் சொல்வது உள்ளே கேட்டது. "எங்கடை என்ஜினியர். உருக்கிலை இவருக்குத் தெரியாதது ஒண்டுமில்லை."

அந்த மனிதர் குனிந்து, கண்ணாடிக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்து, மரியாதையோடு உள்ளே பார்த்தார். சைக்கிள் கூடையிலிருந்து மழையில் நனைந்த ஒரு புல்வெட்டும் கத்தியை எடுத்து, இதை ஒருக்காப் பார்க்க முடியுமா என்பதுபோல் உயர்த்திக் காட்டினார்.

குகதாசன் கைகளைக் கூப்பினார். பிறகு, மெல்ல, தலையை ஆட்டினார்.